அடுத்த வீட்டுத் தாயின் தலைவலி

தென்கிழக்கு லண்டனில் குடியேறிய புதிதில் எனக்கு மிகுந்த ஆறுதல் தந்தது இந்நாட்டின் பேறுகாலப் பராமரிப்பு. சிக்கலில்லாத கர்ப்பத்தை இங்கே பெரும்பாலும் மருத்துவிச்சிமாரே கவனிக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் குடும்பநல உத்தியோகத்தர் வருவதைப் போலவே, வீட்டுக்கு வந்தும் தாயையும் பிள்ளையையும் பார்க்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்துவிட்டால் எந்தக் குறையும் இராது என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்கோ ஆங்கிலம்தான் தாய்மொழி. நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனிலேயே பிறந்து, சட்டம் படித்து, வேலை பார்ப்பவர் அவர். முதல் பிள்ளையைப் பெற்று வீடு திரும்பிய சில நாட்களில் கடும் தலைவலியும் கண் மங்கலும் வந்தபோது, தொலைபேசியில் பேசியவர்கள் தூக்கக் குறைவு என்றார்கள். வைத்தியசாலையிலும் வலிமாத்திரை கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். குரலை உயர்த்தினால் கோபக்காரக் கறுப்பினப் பெண் என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சி அவர் பணிவாகவே கேட்டிருக்கிறார். கணவர் வற்புறுத்திய பிறகே இரத்த அழுத்தத்தை அளந்தார்கள்; அளந்தவுடன் விடுதியில் அனுமதித்தார்கள். கர்ப்பத்தோடு தொடர்புடைய உயர் இரத்த அழுத்த நோயான ப்ரீ-எக்லாம்ப்சியா பிரசவத்துக்குப் பின்னரும் வரக்கூடும் என்பதும், கவனிக்காவிட்டால் வலிப்பிலோ மூளை இரத்தக்கசிவிலோ முடியலாம் என்பதும் மருத்துவிச்சிமார் எல்லோரும் படித்த பாடம். தெரிந்திருந்தும் அவர் சொன்னதை நம்ப அவ்வளவு நேரம் பிடித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிரித்தானியாவில் தாய்மரணங்களை ஆராயும் எம்பிரேஸ் குழுவின் 2018 அறிக்கையின்படி, வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்கள் பேறுகாலத்தில் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. இத்தகைய மரணங்கள் இங்கே அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிந்திய அறிக்கைகளில் இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை. ஆசியப் பெண்களுக்கும் ஆபத்து கூடுதலாகவே இருந்து வருகிறது. வறுமையும் முன்பே உள்ள நோய்களும் காரணங்களில் அடங்கும். ஆனால் படித்த, வசதியுள்ள என் அயலவருக்கு நேர்ந்ததை அவை விளக்கவில்லை. 2023 ஏப்ரலில் பாராளுமன்றத்தின் பெண்கள், சமத்துவக் குழு இனவாதத்தின் பங்கை வெளிப்படையாகப் பேசி, இவ்வேறுபாட்டை ஒழிக்க அரசு ஓர் இலக்கு வகுக்க வேண்டும் என்று கேட்டது.

அந்த ஐந்து மடங்கையே பெயராக்கி, டினுகே அவே, குளோட்டில்ட் அபே என்ற இரு கறுப்பினத் தாய்மார் 2019இல் தொடங்கிய ஃபைவ் எக்ஸ் மோர் அமைப்பு, வாய்திறந்து பேசுங்கள், உங்களுக்காகப் பேச ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேளுங்கள், நடந்ததை எழுதி வையுங்கள் என்றெல்லாம் தாய்மாருக்கு வழி சொல்கிறது. வைத்தியரை எதிர்த்துக் கேள்வி கேட்காமல் வளர்ந்த எங்கள் பெண்களுக்கும் இது பயன்படும். ஆனாலும் பிள்ளை பெற்ற களைப்போடு இருக்கும் ஒருத்தி தனக்காகத் தானே வாதாட வேண்டியிருப்பது நியாயமல்ல. நம்பிக் கேட்கும் பொறுப்பு வைத்தியசாலைக்கு உரியது.

அடுத்த வீட்டுப் பெண் இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறார். முன்னைய நோயைக் கருதி 12ஆம் வாரத்திலிருந்தே அஸ்பிரின் கொடுத்து, நிபுணர் ஒருவரும் பார்த்து வருகிறார். ஆனால் எந்தப் பரிசோதனைக்கும் அவர் தனியே போவதில்லை. கணவருக்கு வேலை இருந்தால் நான் கூடப் போகிறேன்.