ஒரே ஒரு ஆங்கில வினைக்கு ஆங்கி அட்டைகள்: சீனர்களுக்காகச் செய்து பார்த்தது

ஆங்கி என்பது முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அட்டை அட்டையாகக் காட்டி மனப்பாடம் செய்யவைக்கும் கணினி நிரல். ஆங்கிலம் படிக்கும் சீனர்களுக்காக அதில் அட்டை செய்ய எடுத்துக்கொண்ட சொல் 'வை'. எழுத்துக்கூட்டினால் வி, ஐ, இ. 'கீழே வை' என்கிற நம்ம ஊர் வை மாதிரியே ஒலிக்கும், பொருள் வேறு. ஒரு பொருளையோ பதவியையோ குறிவைத்து இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் முட்டி மோதுவதுதான் இந்த 'வை'. ஆங்கில நாளிதழ்களில் அடிக்கடி வரும், பேச்சில் குறைவு.

சீன அகராதிகளில் இதற்கு எதிரே பெரும்பாலும் 'ஜிங்ஜெங்' என்று இருக்கும். அதே ஜிங்ஜெங்தான் 'கம்பீட்' என்ற சொல்லுக்கும். பள்ளியிலேயே கம்பீட் படித்தவர்கள், அது வரும் இடத்திலெல்லாம் வை போட்டுவிடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டான் என்பதற்கு 'கம்பீட் இன்' சரி. 'வை இன்' எழுதினால் ஆங்கிலக்காரர் நெற்றி சுருங்கும். வை-க்குப் பின்னால் வருபவை மூன்று: எதற்காக என்றால் 'ஃபார்', யாரோடு என்றால் 'வித்', என்ன செய்ய என்றால் 'டு'.

சிக்கலில் முக்கால்வாசி 'ஃபார்' விஷயத்தில்தான். சீனத்தில் 'லியாங் துய் ஜெங்துவோ குவான்ஜுன்' என்று ஒரு வாக்கியம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இரண்டு அணி, போட்டியிடு, சாம்பியன் பட்டம். 'க்காக' என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. வினை நேரடியாகப் பட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. விளையாட்டுச் செய்திகளில் போட்டியிடுவதைக் குறிக்க வரும் 'ஜுவேஜு'வும் அப்படியே. (இதன் முதல் எழுத்து 'கொம்பு', வழக்கமாக அதை ஜியாவ் என்று படிப்பார்கள், இங்கே ஜுவே.) அந்த அச்சிலேயே ஆங்கிலத்தில் வார்த்தால் 'வை த டைட்டில்' என்று வந்து நிற்கும். தமிழர்கள் இந்தத் தப்பைச் செய்வது அரிது, பட்டத்துக்காக என்று உருபு நம் வாயிலேயே இருக்கிறது.

சொல்லை முன்பக்கம், ஜிங்ஜெங் பின்பக்கம் என்ற சாதாரண அட்டை இதற்கு உதவாது. பொருள் மனப்பாடமாகும், ஃபார் ஒட்டாது. வேலை செய்தது வெற்றிடம் நிரப்பும் 'க்ளோஸ்' வகை. 'சிக்ஸ் டீம்ஸ் ஆர் வையிங் ஃபார் த டைட்டில்' என்ற வாக்கியத்தில் வினையை அப்படியே விட்டுவிட்டு ஃபாரை மட்டும் மறைக்க வேண்டும். வித், ஃபார் இரண்டும் வரும் வாக்கியமானால் மறைக்கும் இடத்துக்கு ஆங்கியில் இடும் எண்ணாக ஒன்றுக்கு சி1, மற்றதற்கு சி2. இரண்டுக்கும் சி1 போட்டால் ஒரே அட்டையில் இரண்டும் மறைந்துபோகும். படிப்பவர் இடம் மாற்றி நிரப்பிவிட்டு, தெரியும் என்று பொத்தானை அழுத்திவிடுவார்.

முன்பக்கத்தில் சீன மொழிபெயர்ப்பு வேண்டாம். சீனத்தில் 'யாரோடு' என்பது நம் தமிழைப் போலவே வினைக்கு முன்னால் வரும். அதைக் கண்ணால் பார்த்தவுடன் ஆங்கில வரிசையும் குலைகிறது. மொழிபெயர்ப்பைப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் வைத்தால் போதும்.

பின்பக்கத்தில் ஒரு படம் வைத்தது நல்ல பலன் தந்தது. ஜிங்ஜெங்கில் வரும் 'ஜெங்' என்ற எழுத்தின் பழைய வடிவம் அது: மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் இரண்டும் பற்றி இழுக்கும் பொருள். படிப்பவருக்குப் பிறந்ததிலிருந்து பழகிய எழுத்து. நடுவில் இருப்பது என்ன என்று கேட்டால் அதுதான் ஃபாருக்குப் பின்னால் வர வேண்டிய சொல். ஆங்கில வை-யின் பூர்விகமும் பந்தயப் பணம்தான்: 16ஆம் நூற்றாண்டுச் சீட்டாட்டத்தில் பணயம் கட்டுவதற்கு இந்தச் சொல் வழங்கியது. பொறாமையைக் குறிக்கும் 'என்வி'யோடு இதைக் கோத்து நினைவுக்குறிப்பு எழுதுபவர்கள் உண்டு. இரண்டுக்கும் வேர் வேறு, அட்டையில் ஏற்ற வேண்டாம்.

எழுத்து வடிவம் எளிது. 'டை', 'லை' போலத்தான்: ஐ-யும் இ-யும் போய் ஒய் வந்து 'வையிங்'. இறந்தகாலம் 'வைட்', வெறும் டி சேர்த்தால் ஆயிற்று. தட்டச்சு செய்து விடை சொல்லும் அட்டை இரண்டு போதும்.

ஒலிப்புக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். பொதுச் சீனத்தில் வி ஒலி இல்லை, டபிள்யூ மட்டுமே. எனவே வை என்பது 'ஏன்' எனக் கேட்கும் ஆங்கிலச் சொல்லாகவே வெளிவரும். பெய்ஜிங் பக்கத்தார் சிலர் டபிள்யூவையே வி-யை ஒட்டி ஒலிப்பார்கள். அவர்களுக்கு இரண்டும் கலந்தே கேட்கும். தமிழிலும் இரண்டுக்கும் ஒரே வகரம்தான், அவர்களைக் கேலி செய்ய நமக்கு வழியில்லை. மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டு, தொண்டை அதிர இரண்டு விநாடி இழுத்து, பிறகு 'ஐ' சேர்க்கச் சொல்லலாம். ஒலி அட்டையில் இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு எது எது என்று கேட்பதே பயிற்சி. ஒற்றைச் சொல்லைக் கேட்டுத் திரும்பச் சொல்வதில் பலன் குறைவு.

'வை டு' பகுதியில் 'ஜெங்சியென் கோங்ஹோ' என்ற நாலெழுத்துத் தொடர் துணைக்கு வரும்: முந்தத் துடிப்பு, பிந்திவிடும் பயம். விமான நிறுவனங்கள் போட்டிபோட்டுக் கட்டணம் குறைப்பது போன்ற வாக்கியத்துக்குக் கச்சிதம். ஆனால் சீனர்கள் அதே தொடரைப் பேருந்தில் முண்டியடித்து ஏறவும் சொல்வார்கள். அங்கே ஆங்கிலத்தில் வை எடுபடாது, 'ஸ்க்ராம்பிள்' வேண்டும். இதற்குத் தனி அட்டை.

பக்கத்துச் சொற்களில் 'ரைவல்' ஏமாற்றும். பெயராக வந்தால் எதிராளி; வினையாக வந்தால் ஈடாக நிற்பது, சீனத்தில் 'பீமெய்'. அதற்குப் பின்னால் வித்தும் வராது ஃபாரும் வராது. 'கன்டெண்ட்' (மோது) பலருக்கு 1956ஆம் ஆண்டில் மாவோ எழுப்பிய 'நூறு பூக்கள்' முழக்கத்தின் ஆங்கில வடிவத்தில் பார்த்த சொல். நூறு சிந்தனைப் பள்ளிகள் மோதட்டும் என்ற இடத்தில் அது நிற்கிறது. அதனோடு 'வித்' சேர்த்தால் இடையூற்றைச் சமாளிப்பது என்ற பொருளும் உண்டு. இவற்றை வை தொகுப்பில் சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். தனியே வைக்கலாம்.

2020 வாக்கில் பரவிய 'நெய்ஜுவான்' என்ற சொல்லையும் வை-யால் எழுதப் பார்க்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் கிளம்பவில்லையே என்று எல்லோரும் இரவு ஒன்பது வரை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நிலை அது. அட்டையில் கேள்வி இப்படி: இவர்கள் எதற்காக மோதுகிறார்கள்? பதவி உயர்வு என்று பதில் வந்தால் 'வை ஃபார்' போடலாம். நடுவில் எதுவுமே இல்லை, சும்மா தேய்கிறார்கள் என்றால் வை கிடையாது.