ரோலரை நிறுத்துங்கண்ணே

போன மாதம் ஒரு சாயங்காலம். இருட்டுவதற்குள் ரோட்டின் சப்கிரேடு (ரோட்டுத் தளத்துக்கு அடியில் வருகிற மண் அடுக்கு) மேல் லேயருக்கு எஃப்.டி.டி. (மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சைட்டிலேயே பார்க்கிற சோதனை) எடுத்து முடித்துவிடலாம் என்று குழி தோண்டி உட்கார்ந்தேன். முப்பது அடி தள்ளி அடுத்த பகுதியில் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. ரிசல்ட் 94.8 சதவீதம். சப்கிரேடுக்கு 97 வேண்டும். அடியில் இருக்கிற மண் கரைக்குக்கூட 95 வேண்டும், அதற்கும் இது பத்தாது.

ரோலர் அண்ணன் இறங்கி வந்துவிட்டார். "எட்டு பாஸ் போட்டிருக்கேன் தம்பி. அதுல நாலு வைப்ரேஷன். நீ என்னமோ பவுடர் டப்பாவைக் கவுத்திட்டு ஃபெயிலுங்கிற?"

அவர் சொன்ன பவுடர் டப்பாதான் எங்கள் மணல் சிலிண்டர். வேலை சின்னதுதான். பத்து சென்டிமீட்டர் வட்டத்தில், பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு உளியால் கொத்தி, ஒரு துளி மண்ணும் சிந்தாமல் அள்ளி எடை போட வேண்டும். பிறகு குழிமேல் சிலிண்டரை வைத்து ஷட்டரைத் திறந்தால், ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கி 600 மைக்ரானில் தங்கிய காய்ந்த மணல் சரசரவென்று குழியை நிரப்பும். எவ்வளவு மணல் போனதோ, அதிலிருந்து குழியின் கொள்ளளவு தெரியும். மண்ணின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. சிலிண்டருக்கு அடியிலிருக்கிற கூம்பில் தங்குகிற மணலைக் கழிக்க மறந்தால் மொத்தமும் கெட்டது. நானும் முதல் வருஷத்தில் ஒரு நாள் மறந்திருக்கிறேன், வெளியே சொன்னதில்லை.

அன்றைய கணக்கு இது. தோண்டிய மண் 2,440 கிராம். குழிக்குள் போன மணல் 1,730 கிராம். என் மணலின் அடர்த்தி 1.45. ஈரம் 9 சதவீதம். லேபில் அந்த மண்ணுக்கு எம்.டி.டி., அதாவது காய்ந்த கணக்கில் வருகிற அதிகபட்ச அடர்த்தி, 1.98. ஈரத்தைக் கழித்த அடர்த்தியை அதால் வகுத்தால் 94.8 சதவீதம்தான் வரும், கணக்கில் தப்பில்லை. தப்பு மணலில். ரோலர் அதிர அதிர, குழிக்குள் விழுகிற மணல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி இடம் விட்டது, மேலிருந்து இன்னும் மணல் இறங்கியது. அதே குழி 97.6 காட்ட 1,680 கிராம் போயிருந்தாலே போதும். வித்தியாசம் 50 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி. அதற்காக இரண்டு நாள் வேலையைக் கிளறிப்போடச் சொல்லியிருப்பேன்.

"ரோலரை நிறுத்துங்கண்ணே. ஆஃப் பண்ணிட்டு வந்து நீங்களே பக்கத்தில நில்லுங்க." ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு குழி. 97.6. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நான் சிலிண்டரைத் தூக்கியதுமே ரோலர் தானாக நின்றது.

குறைவாக வந்தால் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். அதிகமாக வந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். எனக்குப் பயம் அந்த அதிகத்தில்தான். ஒரு முறை வரிசையாக 103, 104 என்று வந்தது. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். நூற்றுக்கு மேல் வரவே கூடாது என்றில்லை, ஆனால் எல்லாக் குழியிலும் வந்தால் விசாரிக்க வேண்டும். விசாரித்தேன். டிப்பர்கள் பழைய சவுடுக் குழியை விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு குழிக்கு மாறியிருந்தன. அது கல் கலந்த கிராவல், அதன் எம்.டி.டி.யே தனி. நான் பழைய மண்ணின் எண்ணை வைத்துப் புது மண்ணை அளந்துகொண்டிருந்தேன். புதுச் சேம்பிளுக்கு லேபில் ப்ராக்டர் (எம்.டி.டி. கண்டுபிடிக்கிற சோதனை) போட்டுப் பார்த்ததும், 103, 104 காட்டிய குழிகளில் பாதி தேறாமல் போனது.

ப்ராக்டர் என்பது ஓர் ஆளின் பெயர். லாஸ் ஏஞ்சல்ஸ் குடிநீர்த் துறையில் இருந்த ரால்ஃப் ப்ராக்டர், மண் அணை கட்டுவதற்காக 1933-ல் எழுதியது இது. நம் சாலைக்கு வைப்பது அதைவிடக் கனமான அடி: 4.9 கிலோ ரேமர், 450 மி.மீ. உயரத்திலிருந்து, ஐந்து லேயர், லேயருக்கு 25 அடி. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2720-ன் எட்டாம் பகுதி. ஆக 125 அடி, அதையும் ஐந்தாறு விதமான ஈரத்தில் திரும்பத் திரும்ப. என் தாத்தா கண்மாய்க் கரை வேலையில் திமுசு போட்டவர். நான் ஏ.சி. இல்லாத ஷெட்டுக்குள் ரேமர் தூக்குவதைப் பார்த்திருந்தால் "படிச்சுமா இந்த வேலை?" என்றுதான் கேட்டிருப்பார்.

அவருக்கு ஓ.எம்.சி. (மண் நன்றாக இறுகத் தேவையான ஈர அளவு) என்ற பெயர் தெரியாது, பதம் தெரியும். அம்மா புட்டுக்கு மாவு விரவும்போது பார்த்திருப்பீர்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மண்ணும் அப்படித்தான். காய்ந்து கிடந்தால் ரோலர் எத்தனை முறை போனாலும் துகளும் துகளும் முட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் நீர் பட்டால் வழுக்கி நெருங்கும். நீர் கூடிப்போனால் மண் உட்கார வேண்டிய இடத்தில் நீர் உட்கார்ந்துகொள்ளும், ரோலருக்கு முன்னால் தரை மெத்தைபோல அலையடிக்கும். தண்ணி லாரிக்காரரிடம் இதை விளக்கவே முடியாது. அவருக்கு லோடு கணக்கு.

சைட்டில் ஈரம் பார்க்க ரேபிட் மீட்டர் வைத்திருக்கிறோம். ஆறு கிராம் மண்ணையும் கால்சியம் கார்பைடையும் மூடிக் குலுக்கினால் கேஸ் கிளம்பி முள்ளைத் தள்ளும். புதிதாக வருகிற பையன்கள் ஏமாறுவது இங்கேதான். முள் காட்டுவது ஈர மண்ணின் எடையில் சதவீதம், நமக்கு வேண்டியது காய்ந்த மண்ணின் எடையில். முள் 8.26 என்றால் நாம் எழுத வேண்டியது 9.

இதுவரை சொன்னதெல்லாம் காம்பாக்‌ஷன். மண்ணுக்குள் இருக்கிற காற்றை அடித்து விரட்டுகிற வேலை, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். கன்சாலிடேஷன் வேறு. அதில் விரட்ட வேண்டியது தண்ணீரை. களிமண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் அதட்டினால் போகாது.

பழைய சைட் ஒன்றில் பட்டது இது. ரோடு திறந்து ஒரு வருஷத்தில் பாலத்து அப்ரோச் (பாலத்துக்கு ஏறுகிற மண் கரை) ஒரு சாண் இறங்கிவிட்டது. பாலம் ஆழத்தில் இறக்கிய பைல் தூண்கள்மேல் நிற்கிறது, அது அசையாது. பஸ் ஏறும்போது பின்சீட்டுக்காரர்களை ஒரு தூக்குத் தூக்கும். ஆபீஸிலிருந்து போன்: "உன் ரிப்போர்ட் எல்லாம் 97, 98ன்னு இருக்கு. பின்ன எப்படிய்யா இறங்குச்சு?" வெட்டிப் பார்த்தோம். கரை இறுகித்தான் இருந்தது, அப்போதும் 97. ஆறு மீட்டர் கரை மொத்தமும் அப்படியே, கட்டில் இறங்குவதுபோல, அடியிலிருந்த களியோடு இறங்கியிருக்கிறது. நான் அளந்தது மெத்தையை.

இப்போதைய சைட் தூத்துக்குடி மாவட்டத்தின் ஓரத்தில். ரோடு ஒரு கண்மாயின் வாலைக் கடக்கும் இடத்தில் நாலு மீட்டர் களி. இந்த முறை விடவில்லை. மெல்லிய குழாயில் எடுத்த சேம்பிளை இரண்டு பக்கமும் மெழுகு வைத்து அடைத்து, ஜீப்பில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். லேபில் கன்சாலிடேஷன் சோதனை: வளையத்துக்குள் 20 மி.மீ. தடிமன், மேலும் கீழும் நீர் கசிகிற கல். மேலே ஏற்றுகிற ஒவ்வொரு எடையும் ஒரு நாள், மறுநாள் இரட்டிப்பு. கால் நிமிஷம், ஒன்று, இரண்டேகால், நாலு என்று டயலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி 1925-ல் புத்தகமாக எழுதிய கணக்குத்தான் இன்றைக்கும்.

பாதி இறக்கம் லேபில் பத்து நிமிஷத்தில் முடிந்தது. இதைச் சொன்னதும் இன்ஜினியர் சார் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் நேரம் தடிமனின் வர்க்கத்தில் ஏறும். நாலு மீட்டர் என்பது 20 மில்லிமீட்டரைப்போல 200 மடங்கு. 200-ஐ 200-ஆல் பெருக்கி, அதைப் பத்து நிமிஷத்தால் பெருக்கினால் 278 நாள். தொண்ணூறு சதவீதம் இறங்க அதைப்போல நாலு மடங்குக்கும் மேல், மூன்று வருஷம் தாண்டும்.

"ரெண்டு பாஸ் கூட விட்டா?" என்று சார் கேட்டார். நான் ரோலர் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

கடைசியில் களிக்குள் பட்டை வடிகால் இறக்கினார்கள், தண்ணீர் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நகர்ந்தால் வெளியே வந்துவிடும். கரைக்கு மேல் இரண்டு மீட்டர் மண் பாரமாக ஏற்றிக் காத்திருக்கிறோம். கரைக்கு அடியில் இரும்புத் தகடு, அதிலிருந்து மேலே வருகிற கம்பி. வாராவாரம் லெவல் வைத்துப் பார்க்கிறேன். முதல் வாரம் 21 மி.மீ. இறங்கியது. போன வாரம் 6. திங்கட்கிழமை மறுபடி எடுக்க வேண்டும். லெவலுக்கு அளவுகோல் பிடிக்கிற பையன் தன் அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறானாம். ரோலருக்கும் இங்கே இப்போதைக்கு வேலை இல்லை, ரோலர் அண்ணனைத்தான் கேட்டு வைத்திருக்கிறேன்.