மக்னீசியம் இருக்கிறதா?

என் அக்கா 2009-ஆம் ஆண்டிலிருந்து எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையில் இருக்கிறார். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். தொடக்கத்தில் காலையும் இரவும் மாத்திரை. பிறகு இரவில் மட்டும் எஃபாவிரென்ஸ் சேர்ந்த ஒரு மாத்திரை. அதை விழுங்கினால் தலை கிறுகிறுக்கும், விடியும்வரை ஓயாமல் கனவு வரும் என்பார். 2021-இல் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் மையத்தில், அவரை டி.எல்.டி. மாத்திரைக்கு மாற்றினார்கள். டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் ஆகிய மூன்றும் அந்த ஒரே மாத்திரையில் அடங்கியிருக்கின்றன. கனவுத் தொல்லை நின்றது, ஆனால் தூக்கம் குறைந்தது. மருத்துவர் மாத்திரையைக் காலை நேரத்துக்கு மாற்றச் சொன்னார், தூக்கமும் திரும்பியது.

ஆனால் காலை நேரத்துக்கு மாறியதால்தான் வேறொரு சிக்கல் வந்தது. நெஞ்செரிச்சல் என்று பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போன அக்கா, தாம் கூட்டு மருந்து சாப்பிடுவதை அங்கே சொல்லவில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்த வெள்ளை நிற ஜெல் மருந்தை, மூன்று வாரமாக, காலையில் அந்த மாத்திரையோடு சேர்த்தே குடித்திருக்கிறார். மாத்திரை வாங்கப் போன நாளில் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர், “வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்ட பிறகே விஷயம் தெரிந்தது.

அந்த ஜெல்லையும் மாத்திரையையும் ஏன் சேர்க்கக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள நான் நிறையப் படித்தேன். எச்.ஐ.வி. நம் உடலின் நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 என்ற உயிரணுவுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது, டெனோஃபோவிரும் லாமிவுடினும் இந்தப் படியெடுப்பைத்தான் தடுக்கின்றன. அதைத் தாண்டி உருவாகும் டி.என்.ஏ.வை நம் உயிரணுவின் மரபுப் பொருளோடு தைத்துவிடும் வேலையை இன்டக்ரேஸ் என்ற நொதி செய்கிறது. அந்த நொதி வேலை செய்யும் இடத்தில் இரண்டு மக்னீசிய அயனிகள் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் போய் அவற்றை இறுகப் பற்றிக்கொள்வதால் தைக்கும் வேலை நின்றுபோகிறது. இந்த மருந்தின் வலிமை முழுவதும் உலோக அயனியைப் பற்றும் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்கான ஜெல்லிலும் மக்னீசியமும் அலுமினியமும் இருப்பதால், இரண்டும் ஒன்றாகக் குடலுக்குள் போகும்போது மருந்து அந்த உலோகங்களையே பற்றிக்கொண்டு, இரத்தத்தில் போதிய அளவு சேராமல் வீணாகிவிடுகிறது. எந்தப் பிடி வைரஸை அடக்குகிறதோ, அதுவே மருந்தை வழியிலேயே நிறுத்திவிடுகிறது என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

மாத்திரையை விழுங்கி 2 மணி நேரம் கழித்து ஜெல் குடிக்கலாம். ஜெல்லை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு இந்த மாத்திரையையும் உணவுடன் சேர்த்து விழுங்கினால் தவறில்லை. வெறும் வயிற்றில் என்றால் அதே இடைவெளி தேவை. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்துகளால் இதற்குத் தொந்தரவு இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மெட்ஃபார்மினின் அளவு இரத்தத்தில் கூடும் என்பதாலும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளையாக்க வேண்டும் என்பதாலும், அவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சொல்வதுதான் கடினம். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இருந்தும் அக்கா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாத்திரை டப்பாவின் லேபிளை நனைத்துச் சுரண்டி எடுத்துவிடுவார். மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றுவதில்லை. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் உள்ளே இருப்பதால் அதே டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பெயரில்லாத அந்த வெள்ளை டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் அடுத்த வைரல் லோடு பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தது. அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியாக அது பிறருக்குப் பரவாது என்பதை அக்காவுக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் அவரோடு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எடுத்து வைத்த பாட்டிலைத் தொடாமலேயே, “இதுல மக்னீசியம் இருக்காங்க?” என்று அக்கா கேட்டார். கடைக்காரர் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, “இருக்கும்மா” என்றார். அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலை மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் ஆகியிருந்தது, வாங்கிக்கொண்டார்.