மாமரத்தடியில் காளான்

மே 6, 2024, திங்கள்

மாமரத்தின் அடியில், வேருக்குச் சற்று மேலே, அரைவட்டமாக ஒரு காளான். மேலே பளபளக்கும் பழுப்பு, விளிம்பில் வெள்ளை. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "கானோடெர்மா" என்றார். செபராங் பிறையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். செம்பனைகளைச் சாய்க்கும் காளானின் இனம்தான் இதுவும். வேர் வழியே நுழைந்து நடுமரத்தைத் தின்னும். வெளியே தலைகாட்டும்போது உள்ளே நிறையப் போயிருக்கும். மருந்து கிடையாது. உச்சியிலோ செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இதை எப்படி நம்புவது?

மே 8, புதன்

நேற்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்துவிட்டார். 17 வாகனங்கள் நசுங்கின. 2017 நவம்பர் புயலில் பினாங்கில் எத்தனையோ மரங்கள் விழுந்தபோதும் நம் மரம் அசையவில்லை. ஆனால் அந்தத் தெம்பில் இனி இருக்க முடியாது. பக்கத்து வீட்டுச் சீன அண்ட்டியின் பேரப்பிள்ளைகள் தூங்குவது இந்தக் கிளைகளுக்குக் கீழேதான்.

மே 11, சனி

மரம் வெட்டும் பாக் சிக் (மலாய் மாமா) வந்தார். சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். வாசல் பக்கம் கெட்டியான சத்தம். சுவர்ப் பக்கம் வெற்றோசை. அங்கே கம்பியை அழுத்தினார். தடையே இல்லாமல் இறங்கியது. அம்மா உள்ளே போய்விட்டார்.

சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை அனுமதியில்லாமல் வெட்ட 1976 ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் விடாது. பட்டுப்போகும் மரத்துக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் படம் எடுத்து மாநகர் மன்றத்துக்கு எழுதிவிட்டே வெட்டுவதென்று முடிவு. சரியான முடிவுதான்.

அப்பா உச்சிக் கிளையிலிருந்து பென்சில் கனக் குச்சிகளை வெட்டி, இலைகளைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றினார். நோய் இருப்பது வேரிலும் அடிமரத்திலும்தான். சாயங்காலமே கன்றுகளில் ஒட்டுக் கட்டிவிட்டார்.

மே 17, வெள்ளி

அண்ட்டி கடைசிக் காய்களைப் பறித்துப் போனார், ரோஜாக் என்னும் பழக் கலவைக்கு. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அந்தப் புளிப்பு வேறெந்த மரத்துக்கும் வராது. இதை அடித்துச் சொல்வேன்.

விளக்கு வைத்தபின் அம்மா அடிமரத்தில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். பிறகு அண்ணாந்து, "நாளைக்கு வெட்டப்போகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மைனாக்களிடம் சொன்னார். நானும் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். அழுகை வந்தது.

மே 18, சனி

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. வெட்டுமுகத்தில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் நல்ல மரம். நடுவே வெளுத்து, விரலால் கிள்ளினால் நார்நாராக வந்தது. ஈரக் காளான் வாடை. இத்தனை கொஞ்ச மரத்தில் நின்றுகொண்டா இவ்வளவு காய்த்தது! அப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

வேரையும் தோண்டி எடுத்தாக வேண்டும். விட்டால் ரம்புத்தானுக்குப் பரவும்.

மே 24, வெள்ளி

ஒட்டுக் குச்சிகள் இன்னும் பச்சையாக இருக்கின்றன. பிடித்தால் ஒரு கன்று அண்ட்டிக்கு.

தோரணத்துக்கு லிட்டில் இந்தியாவில் மாவிலை வாங்கிவந்தேன். அம்மா ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்து, பாதியைக் கழித்துவிட்டார்.