பம்பைக் குறை சொல்லும் முன்: செல்ஃப் அடித்தும் பிடிக்காத வண்டியில் பார்த்தவை

வண்டி பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். என்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும் வகை. மிச்சப் பெட்ரோலை என்ஜினிலிருந்து டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் கிடையாது. ஃப்யூயல் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) இருக்க வேண்டிய அழுத்தம் 3.5 பார். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் பிடிப்பதில்லை. சாவியை நாலைந்து முறை ஆன்-ஆஃப் செய்துவிட்டு அடித்தால் மட்டும் சில சமயம் பிடிக்கிறது.

இதிலேயே பாதி விடை இருக்கிறது. சாவியை ஆன் செய்ததும் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பம்பைச் சுமார் 2 நொடி ஓட்டிவிட்டு நிறுத்தும். ஒவ்வொரு முறையும் அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது என்றால், பம்ப் சாகவில்லை, சக்தியில்லாமல் ஓடுகிறது. பின் சீட்டைத் தூக்கிக் காது கொடுத்தால் 'ங்ங்' சத்தமும் கேட்கிறது. அந்த 2 நொடி சத்தம் வந்து, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பம்ப் ஓடாவிட்டால் என்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் பக்கம் போக வேண்டும். என்ஜின் சுற்றும் சிக்னல் வராமல் ஈசியூ பம்பை ஓட்டாது. இங்கே அப்படி இல்லை.

ஃப்யூஸ் சரி. ரிலேவை அதே எண் கொண்ட ஹாரன் ரிலேவோடு மாற்றிப் போட்டும் வித்தியாசமில்லை. ரயிலில் டெஸ்ட் போர்ட் இல்லாததால் ஹோஸில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினோம். அதற்கு முன் பம்ப் ரிலேவைப் பிடுங்கிச் செல்ஃப் அடித்து லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். கேஜ் காட்டியது 2.1 பார். "பம்ப் போச்சு" என்று பெரும்பாலும் சொல்லப்படுவது இந்த இடத்தில்தான்.

பம்ப் கனெக்டரைக் கழற்றி, சாவி ஆன் ஆகும் 2 நொடியில் மீட்டர் வைத்தால் 12.3 வோல்ட். இந்த எண்ணை நம்பக் கூடாது. மீட்டர் இழுக்கும் கரன்ட் இல்லாததற்குச் சமம். துருப்பிடித்த ஜாயின்ட்டும் அதற்கு முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பம்ப் இழுப்பது 4, 5 ஆம்பியர். அதனால் பம்புக்குப் பதில் பழைய எச்4 ஹெட்லைட் பல்பின் 55 வாட் இழையை இணைத்தோம். அதுவும் ஏறக்குறைய அவ்வளவே இழுக்கும். பல்பு பயங்கரமாகச் சுடும். டேங்க் மூடி திறக்காமல், பெட்ரோல் வாடை இல்லாதபோது, நீள ஒயர் போட்டுப் பல்பைக் கதவுக்கு வெளியே வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ரிலே சாக்கெட்டில் 30 (பேட்டரியிலிருந்து வருவது), 87 (பம்புக்குப் போவது) என்ற இரண்டு முனைகளையும் ஃப்யூஸ் வைத்த ஒயரால் இணைத்தால் 2 நொடிக் கெடு இல்லை, நிதானமாக அளக்கலாம்.

பல்பு மங்கலாக எரிந்தது. கனெக்டரில் 8.7 வோல்ட். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கனெக்டர் பிளஸ் வரை இழப்பு 0.3 வோல்ட், பேட்டரி மைனஸிலிருந்து கனெக்டர் மைனஸ் வரை 3.2 வோல்ட். ஆக எர்த்தில்தான், அதாவது பம்பிலிருந்து வண்டித் தகடு வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியில்தான் கோளாறு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கும். அந்த நேரத்தில் பம்புக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எர்த் ஒயரைப் பின்தொடர்ந்தால் கதவு ஓரம் கார்பெட்டுக்கு அடியில் ஒரு 10 ஸ்பேனர் போல்ட். கார்பெட் ஈரம் குடித்திருந்தது, ரிங் டெர்மினலில் பச்சைப் பொடி, அடியில் துரு. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, தகடு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, புது ரிங் டெர்மினல் கிரிம்ப் செய்து, நட்சத்திர வாஷரோடு இறுக்கினோம். கிரீஸ் இறுக்கிய பிறகு, மேலே மட்டும். கனெக்டரில் ஒரு பின் பழுப்பாக வெந்திருந்தது. சுரண்டிச் சரிசெய்தால் பிடிப்பு இல்லாமல் மறுபடி வேகும், ஒயரோடு மாற்றுவதே நல்லது.

எர்த் இழப்பு 0.1 வோல்ட்டுக்கு வந்தது, அழுத்தம் 3.5 பார். முதல் அடியிலேயே பிடித்தது. ஆஃப் செய்து 10 நிமிடம் கழித்தும் கேஜ் 3 பாருக்குக் கீழே இறங்கவில்லை. உடனே விழுந்திருந்தால் பம்பின் செக் வால்வோ (பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுப்பது) இன்ஜெக்டரோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பல்பை வைத்து அளந்தும் முழு வோல்ட் வந்து, அழுத்தம் மட்டும் ஏறாவிட்டால் அப்போது டேங்கைத் திறக்கலாம். திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பம்பின் அடியில் பெட்ரோலை வடிகட்டும் வலை; அழுக்கு அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். டேங்கின் மேல் பம்ப் மூடியைச் சுற்றியுள்ள மண்ணை முன்பே ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மூடியைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கை இரும்பால் தட்டாமல் பித்தளைத் துண்டால் தட்டுங்கள், பொறி வராது. மூடிக்கு அடியிலுள்ள ஓரிங் (ரப்பர் வளையம்) பெட்ரோலில் உப்பிவிடும். பழையது மறுபடி பள்ளத்தில் உட்காராது, புதிதாக ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.