சாத்தையாறு எங்கே போய்ச் சேருகிறது?

மதுரைக்காரர்களுக்கு ஆறு என்றால் வைகைதான். பாலமேட்டுப் பக்கம் பிறந்த எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாத்தையாறு. வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும்.

அதற்குத் தண்ணீர் தருவது சிறுமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கடைசித் துண்டு அது. தென்மேற்குப் பருவமழை எங்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஐப்பசியும் கார்த்திகையும்தான் கதி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை மறித்துப் பாலமேட்டுக்கு வடக்கே அணை கட்டியிருக்கிறார்கள். உயரம் 29 அடி. ஆனால் அடியில் வண்டல் ஏறிக் கிடப்பதால், அளவுகோல் காட்டும் அளவுக்கு உள்ளே தண்ணீர் இருக்காது. தூர் வாரச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பாலமேடு என்றதும் எல்லோரும் ஜல்லிக்கட்டைத்தான் விசாரிப்பார்கள். மாட்டுப்பொங்கலன்று காளைகள் பாய்ந்து வருகிற அந்தத் திடலும் ஓர் ஆற்றுப் படுகைதான், மஞ்சமலை ஆறு. டிவியில் பார்த்தால் மைதானம் மாதிரித்தான் தெரியும்.

சரி, சாத்தையாற்றுக்கு வருவோம். அணைக்குக் கீழே அது ஒரே ஆறாக ஓடுவதில்லை. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். கண்மாயில் மிஞ்சும் தண்ணீர் வெளியேறுகிற பழைய கலுங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்கரணையும் (புல்லோடு வெட்டிய மண்கட்டி) வைத்து அடைத்தால் கண்மாயில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வெள்ளம் மிஞ்சி வந்தால் அடைப்பைப் பிரித்துவிடுவார்கள். எத்தனை கல் உயரத்துக்கு அடைப்பது என்பதில் மேலே உள்ள ஊருக்கும் கீழே உள்ள ஊருக்கும் சண்டை வரும், பஞ்சாயத்தும் நடக்கும். இந்தக் கற்களைப் பார்க்காமல் இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். முதல் மறுகால் அன்று சருகும் நுரையுமாகச் செம்மண் தண்ணீர் குதிக்கும். கலுங்குக்குக் கீழே கெளுத்தி பிடிக்கப் பிள்ளைகள் பழைய சேலையோடு நிற்பார்கள்.

மிச்சத் தண்ணீர் தெற்கே வந்து மதுரை வடகரையில் செல்லூர்க் கண்மாயில் சேர்கிறது. அங்கிருந்து பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போகிறது. 2024 அக்டோபர் மழையில் அந்தக் கண்மாய் நிரம்பி செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது, வாய்க்காலைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மேலே உள்ள கண்மாய்களையும் அவற்றின் வரத்து வாய்க்கால்களையும் பற்றி யாருமே பேசாதது எனக்கு வேதனையாக இருந்தது. மேலே தண்ணீர் தங்க இடம் இருந்தால் கீழே கொஞ்சமாவது தாங்கும்.

இன்னொரு பழைய கோரிக்கையும் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் இந்தப் பக்கம் வருகிறது. அதன் பிரதான கால்வாய் எங்களுக்குத் தெற்கே தாழ்வாகப் போவதால் அணைப் பாசன நிலத்துக்குத் தானாக ஏறாது. மோட்டார் வைத்து ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறோம். அது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

செல்லூர்ப் பக்கம் இருப்பவர்கள், மலையில் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த பிறகு ஒருநாள் வண்டியெடுத்து அணைக்கரைக்கு வாருங்கள். அலங்காநல்லூர் வந்து பாலமேடு தாண்டினால் சிறுமலை எதிரே தெரியும். அப்புறம் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.