கறுப்பாகத் தெரியும் பாய்கள்

சென்ற மழைக்காலத்தில் மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில், பழைய காகிதங்கள் விற்கும் ஒரு கடையில் இரண்டு அஞ்சலட்டைகளை வாங்கினேன். ஒன்றில், கடல் வற்றிய நேரத்தில் பம்பாய்த் துறையொன்றின் சேற்றில் சாய்ந்து கிடக்கும் மீன்பிடி படகுகள். மற்றொன்றில் சென்னைக் கடற்கரை: மணலில், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய ஒரு மசூலாப் படகு, அதனருகே தனித்தனியாகக் கிடக்கும் நீண்ட கட்டைகள். சயானில் உள்ள எங்கள் வீட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இவற்றை வைத்து அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய துறைமுகப் படங்களில் படகுகள் பெரும்பாலும் ஓய்ந்தே கிடப்பதற்கு, அன்றைய ஒளிப்படத் தொழிலின் வேகமும் ஒரு காரணம். 1840களில் ஸ்காட்லாந்தின் நியூஹேவன் மீனவர்களைப் படமெடுத்த ஹில், ஆடம்சன் இருவரும் காகித நெகட்டிவையே பயன்படுத்தினார்கள். நல்ல வெயிலிலும் அதற்கு நெடுநேரம் ஒளி காட்ட வேண்டியிருந்ததால், அலையில் ஆடும் படகை எடுக்க வழியில்லை. ஆகவே கரையேற்றிய படகில் சாய்ந்து நிற்கும் ஆண்களையும், எடின்பரோவுக்கு மீன் சுமந்து விற்ற கூடைக்காரப் பெண்களையும் எடுத்தார்கள். 1851இல் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில் நேரம் சில நொடிகளாகக் குறைந்தது என்றாலும், கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெளியூர் போகிறவர் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து செல்ல வேண்டும். முன்பே மருந்து பூசி உலர்த்திய உலர்தட்டு பரவிய பிறகுதான், இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் ஒளிப்படக் கலைஞர் சட்கிளிஃப் 1886இல் எடுத்ததைப் போல, தண்ணீரில் விளையாடும் சிறுவர்களைப் படமெடுப்பது எளிதாயிற்று.

என்னை அதைவிட அதிகமாக ஈர்ப்பது நிறத்தின் கதை. அன்றைய தட்டுகள் நீலத்தை மட்டுமே நன்றாக உணர்ந்தன. அதனால்தான் வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துப்போனது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே தம்முடைய சில கடற்காட்சிகளில் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்டதும் இந்தச் சிக்கலால்தான். சிவப்போ அந்தத் தட்டுகளில் கறுப்பாகவே விழுந்தது. சாயம் கலந்து தட்டைப் பச்சைக்கும் உணர்வுள்ளதாக்கும் வழியை ஜெர்மானிய வேதியியலாளர் ஃபோகல் 1873இல் கண்டறிந்தார். சிவப்பையும் காணும் தட்டுகள் 1906இல்தான் கடைக்கு வந்தன.

பிரிட்டிஷ் மீனவர்கள் படகின் பாயும் வலையும் மக்கிப்போகாமலிருக்கக் காசுக்கட்டியில் ஊறவைத்தார்கள். வெற்றிலையோடு நாம் போடும் அதே காசுக்கட்டிதான். பர்மாவிலிருந்து ஏராளமாகக் கப்பலேறியது. அதில் தோய்ந்த பாய் துருச்சிவப்பாக இருக்கும். படத்தில் அது கரிய பாயாகிவிடும். இப்போது கணினியில் பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றுகிறவர்கள் அந்தப் பாய்க்குச் சாம்பலோ கருநீலமோ தீட்டிவிடுகிறார்கள். அதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் பாயின் நிறத்தோடு சாயம் காய்ச்சிய கொப்பரையும் ஊறவைத்த உழைப்பும் சேர்ந்து அழிகின்றன. தாத்தா மணப்பாட்டில் பருத்தி வலைக்குப் புளியங்கொட்டைத் தோலைக் காய்ச்சி ஏற்றிய சாயமும் அதே செம்பழுப்புத்தான் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பம்பாய் அட்டையின் படகுகளும் அடியோடு கறுத்தே தெரிகின்றன. அவை தாரா, எண்ணெய் ஊறிய தேக்கா, செங்காவியா என்று படத்தை மட்டும் வைத்து எவரும் அறுதியிட முடியாது. பருத்தி வணிகத்துக்கு உதவியாக 1875இல் எழுந்து, பின்னர் மீன்துறையாகிவிட்ட சசூன் டாக்குக்கு ஒருநாள் விடியற்காலையில் போயிருந்தேன். பனிக்கட்டி உடையும் ஓசைக்கிடையே கோலி மீனவப் பெண்கள் கூடைகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கட்டியிருந்த படகுகளிலோ சிவப்பும் பச்சையும் மஞ்சளும் போட்டி போட்டன. அந்தச் சிவப்பு அன்றைய தட்டில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணியபடியே நெடுநேரம் நின்றேன்.

சென்னை அட்டையில் சிதறிக் கிடந்த கட்டைகளை, உடைந்த படகின் மிச்சம் என்றே பல வாரங்கள் நம்பியிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஒடஞ்சதுல்லலா. கட்டுமரத்த அவுத்துக் காயப் போட்டிருக்காவ. ஈரத்தோட கெடந்தா மரம் கனத்துப் போயிரும். நாளைக்குக் காலைல திரும்பக் கட்டிட்டுப் போவாவ."

அம்மா சொன்னதை அப்படியே ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி, அந்த அட்டைக்குக் கீழே செருகி வைத்தேன்.